வெனிலாக் கொடியும் என் வலது கையும்

கொல்லைக் கதவைத் திறந்தபோது பனி இன்னும் முழுதாக விலகவில்லை. பச்சை வலைப் பந்தலுக்குக் கீழே எல்லாம் ஈரமாக இருந்தது. கல்யாண முருங்கையைச் சுற்றி மேலே ஏறி, மறுபடி மார்பு உயரத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்த வெனிலாக் கொடியில், ஒரே ஒரு பூ திறந்திருந்தது.

வெளிர் பச்சையா மஞ்சளா என்று சொல்ல முடியாத நிறம். மெழுகில் செய்தது போலிருந்தது. கிட்டே போய் முகர்ந்தேன். பெரிய வாசனை ஒன்றும் இல்லை.

இந்தப் பூவுக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தோம். ‘காத்திருந்தோம்’ என்று நான் சேர்ந்துகொள்வதுகூட நியாயமில்லை. காத்திருந்தவள் என் மனைவி வளர்மதி. தண்ணீர் ஊற்றி, கொடியைத் தூக்கிக் கட்டி, நத்தை பொறுக்கி, ஒரு குழந்தையைப் போல வளர்த்தவள் அவள்தான். பூத்த அன்றைக்கு அவள் வெள்ளிமலையில் இல்லை. ஆசிரியர்களுக்கு ஏதோ பயிற்சி என்று கள்ளக்குறிச்சிக்குப் போயிருந்தாள். தங்கச்சி வீட்டில் தங்கிக்கொண்டு, வாரக் கடைசியில்தான் மலை ஏறுவாள்.

வெனிலாப் பூ ஒரு நாள் பூ. காலையில் விரிந்தால் உச்சி வெயிலுக்குள் சுருங்கிவிடும். அதற்குள் யாராவது தன் கையால் மகரந்தம் சேர்த்தால்தான் காய் பிடிக்கும். இதன் சொந்த நாட்டில் அந்த வேலையைச் செய்ய ஒரு தேனீ இருக்கிறதாம். கல்வராயன் மலைத் தேனீக்களுக்கு இந்தப் பூவின் பூட்டைத் திறக்கத் தெரியாது.

போகும்போது வளர்மதி சொல்லிவிட்டுத்தான் போனாள். "இந்த வாரத்துல பூத்தாலும் பூத்துடும். பூத்துச்சின்னா பாப்பாத்தி அக்காவக் கூப்பிடுங்க. அவங்களுக்கு எப்பிடிப் பண்றதுன்னு காட்டிருக்கேன்."

பாப்பாத்தி அக்கா எங்கள் வீட்டுக்காரம்மா. மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் வீடும் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீடும் அடுத்தடுத்து, நடுவில் ஒரு வேலிதான். வேலியோரம் போய்க் கூப்பிட்டுப் பார்த்தேன். கதவு பூட்டியிருந்தது. மரவள்ளி பிடுங்க ஆள் வருகிறது என்று முந்தின நாளே சொல்லியிருந்தார். விடியுமுன்பே காட்டுக்குக் கிளம்பியிருப்பார்.

பூவும் நானும் மட்டும்தான் இருந்தோம். நான் என் வலது கையைப் பார்த்தேன். அது விரல்களை மடித்துக்கொண்டு வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது.

கை போன கதை

போன வாரம் இந்தத் தொடரில், முன்பு ஒருமுறை மலைப்பாதையில் பஸ் பிரேக் பிடிக்காத அன்றைக்கு என்ன நடந்தது என்று எழுதியிருந்தேன். படித்துவிட்டுச் சிலர், ‘இப்போதும் ஓட்டுகிறீர்களா?’ என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை. அதைத்தான் இந்த வாரம் சொல்ல வந்தேன்.

கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் போகும் வண்டியைப் பல வருஷம் ஓட்டினேன். வலது கையில் ஸ்டியரிங், இடது கையில் கியர். அந்தச் சாலையில் வலது கைக்கு ஓய்வே கிடையாது. ஒரு வளைவு முடியும் முன்பே அடுத்தது வந்து நிற்கும்.

கடவுள் புண்ணியத்தில் பக்கவாதம் பஸ் ஓடும்போது வரவில்லை. வண்டியை நிறுத்தி, இறங்கி, டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். கையிலிருந்த கிளாஸ் நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனேன். நானும் விழுந்தேன். ‘இன்னா டிரைவரே’ என்று யாரோ கத்தியது கேட்டது. பதில் சொல்ல வாய் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் காலைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். வாய்ப் பேச்சும் மெல்ல மெல்லத் திரும்பியது. கை மட்டும் வரவில்லை. இருந்தது, ஆனால் அது வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. சூடான டம்ளரை வைத்தாலும் சூடு தெரியாது. பிடி என்று மனசு சொன்னால் ஒன்று அசையாது, இல்லாவிட்டால் இரும்பு மாதிரி இறுகிக்கொள்ளும். நடுவே ஒரு நிலை அதற்குக் கிடையாது. வேலையிலிருந்து விலக வேண்டியதாயிற்று.

பயிற்சி சொல்லிக் கொடுத்த டாக்டரம்மா ஒரு தட்டில் கொண்டைக்கடலையைக் கொட்டி, ஒவ்வொன்றாக அடுத்த தட்டுக்கு மாற்றச் சொன்னார். சில நாள் செய்தேன். ஒரு நாள் தட்டைத் தள்ளிவிட்டேன். வீடு முழுக்கக் கடலை உருண்டது. வளர்மதி மூலை முடுக்கெல்லாம் பொறுக்கி, கழுவி, சாயங்காலம் சுண்டல் பண்ணி வைத்தாள்.

"இந்தாங்க. உருட்டி வுட்டதத் துன்னுங்க" என்றாள்.

அவளுக்குக் கோபம் வந்தால் அவ்வளவுதான். நான் சிரிக்கவில்லை. அப்போதெல்லாம் நான் சிரிப்பதையே விட்டிருந்தேன்.

வெந்துபோன மங்குஸ்தான்

வளர்மதியின் செடிப் பைத்தியத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதை புரியாது.

அவள் வெள்ளிமலையில் தொடக்கப் பள்ளி டீச்சர். என் வண்டிக்கு இரவுத் தங்கல் வெள்ளிமலையில். அதனால் எங்கள் குடித்தனம் பஸ் நேரத்தை ஒட்டி நடந்தது. இருட்டும்போது நான் மேலே வருவேன், விடியும்போது வண்டியோடு இறங்குவேன். நான் கொண்டுவருவது பெரும்பாலும் காய்கறி அல்ல, செடி.

எங்கேயாவது ஒரு பழத்தின் பெயரைக் கேள்விப்பட்டால் போதும், அவளுக்குத் தூக்கம் போய்விடும். ரம்புட்டான் வேண்டும். அடிமரத்திலேயே கறுப்பு கறுப்பாகக் காய்க்கும் மரத்திராட்சை வேண்டும். தின்ற பிறகு எலுமிச்சை இனிக்கும் என்கிறார்களே, அந்தச் சிவப்புப் பழச் செடி வேண்டும். ஆர்க்கிட் என்றால் கேட்கவே வேண்டாம். தேங்காய்த் தொட்டியிலும் உடைந்த பானையிலும் கட்டித் தொங்க விட்டு, வீட்டுக்குள் நுழைய வழியில்லாமல் பண்ணிவிடுவாள்.

ஒரு தடவை குற்றாலம் பக்கம் போன நண்பரிடம் சொல்லி ஒரு மங்குஸ்தான் கன்று வாங்கி வரச் செய்தேன். கள்ளக்குறிச்சியில் அதை வாங்கிக்கொண்டு, கண் முன்னாலேயே இருக்கட்டும் என்று என் பக்கத்தில் என்ஜின் மூடியின் மேல் வைத்தேன். மலை ஏறும்போது என்ஜின் கொதிக்கும் கொதியில் அந்த மூடியில் தோசை ஊற்றலாம். எனக்கு அது உறைக்கவில்லை. வெள்ளிமலையில் இறக்கியபோது இலையெல்லாம் வதக்கின கீரை மாதிரி தொங்கியது.

வளர்மதி கன்றைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"செடி வாங்கியாரச் சொன்னா, பொரியல் பண்ணி எடுத்தாந்துருக்கிங்களே."

ரம்புட்டான் கதை வேறு. விதை போட்டு முளைக்க வைத்தாள். ஆள் உயரம் தாண்டி வளர்ந்து, கொத்துக் கொத்தாகப் பூத்தது. தெருவுக்கே சொல்லிவிட்டாள். ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. அடுத்த தடவையும் அப்படித்தான். பிறகுதான் விவரம் தெரிந்தவர் ஒருவர் பார்த்துவிட்டு, அது ஆண் மரம், எத்தனை வருஷம் பூத்தாலும் காய்க்காது என்றார். வெட்டிவிடலாமா என்று கேட்டேன்.

"பூத்துக்கினு நிக்குது. அதுக்கு இன்னா பாவம்? இருந்துட்டுப் போவுட்டும்" என்றாள். அந்த மரம் இன்றும் வேலியோரம் நிற்கிறது. வருஷா வருஷம் பூக்கிறது. அதன் கிளைகளில் அவள் ஆர்க்கிட் கட்டி வைத்திருக்கிறாள்.

வெனிலாவும் ஒரு ஆர்க்கிட்தான் என்பது எனக்கு அவள் சொல்லித்தான் தெரியும். கொல்லிமலையில் மிளகு போட்டிருக்கும் தோழி ஒருத்தியிடமிருந்து சில கொடித் துண்டுகளை ஈரத் துணியில் சுற்றி எடுத்து வந்தாள். நான் நன்றாக இருந்தபோது நட்டது. கல்யாண முருங்கைப் போத்துகளை ஊன்றுவதற்குக் குழி தோண்டியது நான்தான்.

பாப்பாத்தி அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தக் கொடியிலதான் ஐஸ் காய்க்குதா?" என்று கேட்டார்.

"ஐஸ் இல்லக்கா. ஐஸ்ல போடற வாசன."

"வாசனைக்கா இம்மாங் குழி?"

கட்டிலில் கேட்ட பேச்சு

கை போன பிறகு சங்கராபுரத்தில் எங்கள் பூர்வீக வீட்டில் சில மாதம் இருந்தேன். வருகிறவர்கள் எல்லாம் கையைத் தொட்டுப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். தாங்க முடியாமல் நானே மலைக்கு வந்துவிட்டேன். மலைக்கு வந்தும் கட்டிலைவிட்டு அதிகம் இறங்கவில்லை. சட்டைப் பித்தான் போட வளர்மதி, சோறு பிசைய வளர்மதி. ஜன்னல் வழியாக மேகம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டும் என் பழைய வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு வருவதைக் கேட்டுக்கொண்டும் கிடந்தேன். வேறு ஒருவர் ஓட்டினார். கடைசி வளைவில் அவர் கியர் மாற்றும் சத்தம் எனக்குப் பிடிக்கவே இல்லை.

வளர்மதி பயிற்சிக்குக் கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம், அவளும் பாப்பாத்தி அக்காவும் கொல்லையில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் தூங்குகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

"இந்த வருசம் மாறுதல் கேட்டுடலாம்னு இருக்கேங்கா. கீழ போயிட்டா ஆஸ்பத்திரி பக்கம். இங்க இருந்தா இவரு படுத்தே கெடக்குறாரு."

"அப்ப இதெல்லாம்?" என்றார் அக்கா. செடிகளைக் காட்டியிருப்பார்.

"கீழ வெயிலுக்கு இதுங்க தாங்காது. நீயே வச்சிக்கக்கா."

"எனக்கெதுக்கும்மா? என் காட்டப் பாக்கறதுக்கே எனக்கு நேரம் இல்ல. அந்த மனுசன் எழுந்து நாலு எட்டு நடந்தாருன்னா நீ எதுக்குக் கீழ போற?"

வளர்மதி வாளியில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. வழக்கம் போல எல்லாவற்றுக்கும் ஊற்றினாள். விட்டுவிட்டுப் போகப் போகிற செடிகளுக்கும் அதே அளவு தண்ணீர்.

அன்று நான் வெகுநேரம் சுவரையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அவளிடம் எதுவும் கேட்கவில்லை.

பூட்டுப் போட்ட பூ

இப்போது அந்தக் காலைக்கு வருகிறேன்.

மகரந்தம் சேர்ப்பதை வேறொரு ஆர்க்கிட் பூவை வைத்து வளர்மதி அக்காவுக்குக் காட்டியபோது நானும் ஜன்னலில் பார்த்திருந்தேன். தோழியின் தோட்டத்தில் அவள் பழகிக்கொண்டது அது. பூவுக்குள்ளே ஆண் பகுதி மேலே, பெண் பகுதி கீழே. இரண்டுக்கும் நடுவில் நாக்கு மாதிரி ஒரு சின்னச் சவ்வு மூடிக்கொண்டிருக்கும். ஒரு கையால் பூவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையில் சீவிய மூங்கில் சிலாம்பால் அந்தச் சவ்வைத் தூக்க வேண்டும். தூக்கியபடியே பூவைப் பிடித்திருக்கும் கையின் கட்டைவிரலால் மேல் பகுதியை மெல்ல அழுத்தினால், மகரந்தம் கீழே ஒட்டிக்கொள்ளும். சொல்லும்போது சுலபம். இரண்டு கையும் வேண்டும்.

சிலாம்பு இடது கையில். அது பழகிய கை, பிரச்சினை இல்லை. பூவைப் பிடிக்க வேண்டியது வலது.

வயிற்றோடு கிடந்த கையை இடது கையால் தூக்கிப் பூவுக்கு அடியில் கொண்டுபோய் வைத்தேன். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ‘பிடி’ என்றேன். பிடித்தது. அடுத்த நொடி பூ நசுங்கி உள்ளங்கையில் கூழாகிவிட்டது.

அப்படியே நின்றேன். வருஷக்கணக்கில் வளர்த்த கொடியின் முதல் பூ. கையை உதறினேன். அதுவும் சரியாக உதறவில்லை.

மத்தியானம் பாப்பாத்தி அக்கா காட்டிலிருந்து வந்தார். கொடியைப் பார்த்தார். கீழே கிடந்ததைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"காலையிலயே வந்துருப்பேன் டிரைவரே. ஆளுங்க வந்துட்டாங்க."

"பரவால்லக்கா. நாளைக்கு வாங்க."

"நாளைக்கும் புடுங்கணுமே. வண்டி வருது ஏத்த." சொல்லிவிட்டுக் கொத்தை நிமிர்த்திக் காட்டினார். "இங்க பாருங்க, மொக்கு நெறைய நிக்குது. நாளைக்கு ஒண்ணு, நாளன்னைக்கு ஒண்ணுன்னு வரும்போல. நீங்களே பண்ணுங்க. ஒண்ணு போனா ஒண்ணு இருக்குது."

ஆறுதலுக்காகச் சொன்னாரா, நேரமில்லாமல் சொன்னாரா தெரியவில்லை. போய்விட்டார்.

சாயங்காலம் வளர்மதி போன் பண்ணினாள். பூத்ததையும் நசுக்கியதையும் சொன்னேன்.

"நீங்களா பண்ணிங்க?"

"ஆமா. போச்சி."

வருத்தப்படுவாள் என்று நினைத்தேன்.

"கட்டில்லேர்ந்து எழுந்து போனிங்களா?" என்றாள்.

"போவாம? பூவு கட்டிலுக்கா வரும்?"

சிரித்தாள். பூ போனதைப் பற்றி அதற்கு மேல் அவள் பேசவே இல்லை.

நின்றதும் விழுந்ததும்

மறுநாள் அடுத்த மொக்கு விரிந்திருந்தது. இந்த முறை அவசரப்படவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வலது முழங்கையைக் கல்யாண முருங்கையின் கவட்டில் வைத்து முட்டுக் கொடுத்தேன். கை தொங்காமல் நின்றது. விரல்களைப் பிடிக்கச் சொல்லவில்லை. சும்மா ஏந்தியிருக்க வைத்தேன். பூ அவற்றின் மேல் உட்கார்ந்தது.

சிலாம்பால் சவ்வைத் தூக்கினேன். எழும்பியது. இனி கட்டைவிரல் அழுத்த வேண்டும். அது வரவில்லை. வா, வா என்று மனசுக்குள் கெஞ்சினேன். வாய்விட்டுத் திட்டினேன். முதுகில் வேர்த்தது. வேலி மேல் ஒரு கோழி ஏறி நின்று என்னைப் பார்த்தது. நெடுநேரம் கழித்துக் கட்டைவிரல் ஆடிக்கொண்டே வந்து, பூவின் மேல் முட்டி நின்றது. சரியான இடத்தில் பட்டதா இல்லையா தெரியவில்லை.

சேர்ந்ததா இல்லையா என்பது அடுத்த நாள்தான் தெரியும். சேராவிட்டால் தொட்டதும் பூ உதிரும். சேர்ந்திருந்தால் வாடினாலும் காம்பின் நுனியைவிட்டுப் போகாது.

உதிர்ந்தது. அதற்கடுத்ததும் உதிர்ந்தது. அதற்கு மறுநாள் நாற்காலி சாய்ந்து, நான் பிடிமானத்துக்குக் கொடியைப் பிடித்து, ஒரு இலையையும் கொடி நுனியையும் ஒடித்துவிட்டேன். ஒடிந்த இடத்திலிருந்து கொழகொழவென்று சாறு வடிந்து கையெல்லாம் வழிந்தது. அன்றைக்கு ஆத்திரம் வந்தது. போதும் என்று உள்ளே போய்ப் படுத்துவிட்டேன். பூ வெளியே விரிந்தபடி இருந்தது.

படுத்தால் நிம்மதி இல்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பூ சுருங்குவதற்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கும் என்று தெரியும். எழுந்து போனேன். முழங்கையைக் கவட்டில் வைத்தேன். சவ்வைத் தூக்கினேன். மலையில் எதிரே லாரி வந்தால், அது கடந்துபோகும் வரை வண்டியை உறுமவிட்டுக் காத்திருப்போமே, அப்படிக் காத்திருந்தேன். திட்டவில்லை. கெஞ்சவில்லை. கட்டைவிரல் அதன் நேரத்துக்கு வந்தது. மெல்ல ஒரு அழுத்து. பூ அதை எடுத்துக்கொண்டது.

அன்று சாயங்காலம் வளர்மதியின் போன் வந்தபோது நான் கையைச் சொறிந்துகொண்டிருந்தேன்.

"இன்னா, இன்னிக்கி எப்பிடி?"

"கொடிய ஒடிச்சிட்டேன் வளரு. கொஞ்சந்தான். பூவுக்கு ஒண்ணும் இல்ல. ஒடிச்ச எடத்துலேர்ந்து தண்ணி வந்துச்சி. அதுலேர்ந்து ஒரே அரிப்பு."

"அதும் பாலு பட்டா அரிக்கும். தேங்காண்ணெ தடவுங்க, கொறஞ்சிடும்."

"ஜாஸ்தியா அரிக்குது. வெரலு இடுக்குலலாம் சேப்பா இருக்கு."

பின்னால் ஓடிக்கொண்டிருந்த தங்கச்சி வீட்டு டிவியை அவள் குறைக்கச் சொன்னாள்.

"ஏங்க... எந்தக் கையில அரிக்குது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இடது கையால் நான் சொறிந்துகொண்டிருந்தது வலது கையை. கொதிக்கிற டம்ளரை வைத்தாலும் தெரியாத கை. அது அரித்தது. விரல் விரலாக, இடுக்கு இடுக்காக, பொறுக்க முடியாமல் அரித்தது.

"வலது கையில" என்றேன்.

அந்தப் பக்கம் அவள் அழுதாள். நான் தடுக்கவில்லை. அழுகைக்கு நடுவில், "எண்ணெ தடவாதிங்க, அப்பறம் தடவிக்கலாம்" என்றாள். நானும் தடவவில்லை. அந்த அரிப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த உலகத்தில் சொறியைக் கொண்டாடிய புருஷன் பெண்டாட்டி நாங்களாகத்தான் இருப்போம்.

விடிந்ததும் போய்ப் பூவைத் தொட்டுப் பார்த்தேன். வாடியிருந்தது. விழவில்லை. இன்னொரு தடவை தொட்டேன். காம்பு நுனியில் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

வளர்மதி வந்தாள்

சனிக்கிழமை மத்தியான பஸ்ஸில் அவள் வந்தாள். பையைக்கூட உள்ளே வைக்காமல் நேரே கொல்லைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

அந்த வாரத்தில் நின்ற பூக்கள் கொஞ்சம். விழுந்தவைதான் அதிகம். நின்றவை பச்சை நிறத்தில் மெலிசான அவரைப் பிஞ்சு மாதிரி இருந்தன. நுனியில் காய்ந்த பூ குல்லா மாதிரி ஒட்டியிருந்தது. அவள் ஒவ்வொன்றையும் விரல் நுனியால் தொட்டாள். பிறகு என் கையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். தடிப்பு இன்னும் போகவில்லை.

"இப்ப தெரியுதா?" என்று கிள்ளினாள்.

"ஆ! வுடு, வலிக்குது."

"வலிக்குதா?"

மறுபடியும் கிள்ளினாள். பாப்பாத்தி அக்கா வேலிக்கு அப்பாலிருந்து, "இன்னாம்மா, வந்ததும் வராததுமா புருசனப் போட்டு இம்ச பண்ணிக்கினு நிக்கற?" என்று சத்தம் போட்டார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. டாக்டரம்மாவிடம் போனபோது சந்தோஷப்பட்டார். உணர்ச்சி திரும்புவது நல்லது, ஆனால் பழைய பலம் முழுசாக வருமென்று எதிர்பார்க்க வேண்டாம் என்று நேராகவே சொன்னார். சரியாகத்தான் சொன்னார். இன்றும் எனக்குச் சட்டைப் பித்தான் வராது. எழுதுவது இடது கையால்தான். இந்தக் கட்டுரையின் எழுத்துக்களைப் பார்த்து பத்திரிகை ஆசிரியர் குழுவில் யாராவது பல்லைக் கடித்திருப்பார்கள். பஸ் ஓட்ட முடியாது. ஆனால் கொண்டைக்கடலையைத் தட்டு மாற்றுவேன். பூவைப் பிடிப்பேன்.

மே மாதம் வந்தது. மாறுதல் கேட்கிறவர்கள் எல்லாம் கள்ளக்குறிச்சிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வளர்மதி பேச்சே எடுக்கவில்லை. நானாகக் கேட்டேன்.

"மாறுதல் கேக்கப் போவலியா?"

அவள் ஒரு ஆர்க்கிட்டைத் தேங்காய்த் தொட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"உங்களுக்குக் கீழ போவணுமா?"

"எனக்கு வேணாம்."

"அப்ப எதுக்குக் கேக்கறிங்க? அந்தக் கயிற எடுங்க."

எடுத்துக் கொடுத்தேன்.

வாசனை வந்த நாள்

வெனிலாக் காய் பச்சையாக இருக்கும்போது ஒரு வாசனையும் கிடையாது. முற்றுவதற்கே பல மாதம். பறித்து, வெந்நீரில் முக்கி, கம்பளியில் சுற்றி வியர்க்க வைத்து, தினமும் கொஞ்ச நேரம் வெயில் காட்டி, மறுபடி சுற்றி வைக்க வேண்டும். மலையில் பாதி நாள் மேகம். முதல் தடவை நாங்கள் பதம் பண்ணியதில் பாதிக்கு மேல் பூசணம் பிடித்துவிட்டது. வளர்மதி அவற்றைக் கொண்டுபோய்க் குப்பைக் குழியில் போட்டுவிட்டு வந்தாள். மீதியை இன்னும் கவனமாகப் பார்த்தோம். வெயில் எட்டிப் பார்த்தால் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பகலில் அவள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள், அதனால் ஓடுகிறவன் நான். வெயில் வருகிறதா என்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில், என் பழைய வண்டி வந்து போவதைக் கவனிக்கவே மறந்துவிட்டேன்.

ஒரு நாள் கம்பளியைப் பிரித்தேன். காய்கள் கறுத்து, சுருங்கி, எண்ணெய் தடவினது போல மின்னின. வாசனை எழுந்து வந்தது. கடை ஐஸ்கிரீம் வாசனை என்று நினைத்திருந்தேன். அதைவிட அடர்த்தி. கொஞ்சம் வெல்லப்பாகு, கொஞ்சம் பழைய மரப்பெட்டி. அறை முழுக்க நிறைந்தது.

அன்று பாப்பாத்தி அக்கா வீட்டுச் சாமையில் பாயசம் வைத்து, ஒரு காயைக் கீறிப் போட்டாள் வளர்மதி. அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை மூக்கருகில் வைத்துக்கொண்டார்.

"நல்லாத்தான் இருக்குது. வாசனைக்குன்னு குழி தோண்டறாங்களேன்னு கேட்டேன், தப்புதான். எனக்கும் ரெண்டு கொடி குடுங்க, அந்தப் பலா மரத்துல ஏத்தி வுடறேன்."

கொடுத்தோம். அவருடைய பலா மரத்தில் அது இப்போது எங்களுடையதைவிட வேகமாக ஏறிக்கொண்டிருக்கிறது.

இந்த வருஷப் பூக்காலம் தொடங்கிவிட்டது. கொடிகள் படர்ந்துவிட்டதால் தினமும் நிறையப் பூக்கிறது. காலையில் டீ குடித்ததும் ஆளுக்கொரு வரிசையாகப் பிரித்துக்கொள்கிறோம். வளர்மதிக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகும் என்பதால் அவளுக்குச் சின்ன வரிசை.

நேற்றுக் காலை அவள் வரிசையிலிருந்து குரல் கேட்டது.

"ஏங்க, இங்க வாங்களேன்."

"இன்னா?"

"இதும் சவ்வு எங்க இருக்குதுன்னே தெரியல. ரெண்டு தடவ தூக்கிட்டேன், வர மாட்டுது."

"கண்ணாடி போட்டுக்கினியா?"

"போட்டுக்கினுதான் சொல்றேன். எனக்குக் கிட்டத்துல தெரிய மாட்டுது இப்பல்லாம். உங்க கைதான் சரி. வாங்க, பூ வாடிடப் போவுது."

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனேன். அவள் நகர்ந்து இடம் கொடுத்து, சிலாம்பை என்னிடம் நீட்டினாள். முழங்கையை மரத்தில் ஊன்றி, பூவை ஏந்தி, சவ்வைத் தூக்கி, காத்திருந்தேன். அவள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு காதில் பட்டது. கட்டைவிரல் வந்தது.

"ஆச்சா?"

"ஆச்சி."

"இந்தப் பக்கம் இன்னும் மூணு நாலு இருக்குதுங்க" என்றாள்.

பள்ளிக்கூட மணி அடித்தது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு அவள் ஓடினாள். நான் அவள் வரிசையில் இருந்தவற்றை முடித்துவிட்டு என் வரிசைக்குத் திரும்பினேன்.